கொளஞ்சியப்பருக்கு ஒரு பிராது: கோபத்தைச் சாமியிடம் கொடுத்துவிட்டு வருவது எப்படி

நான் ஒரு தாலுகா ஆபீஸ் வாசலில் 22 வருஷமாக மனு எழுதிக் கொடுக்கிறேன். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, வாரிசுச் சான்று, வரப்புத் தகராறு, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கான மனு, எல்லாம் எழுதுவேன். முதலில் டைப்ரைட்டர், இப்போது கம்ப்யூட்டர். எதிரே பெஞ்சில் வந்து உட்காருகிறவர்கள் பெரும்பாலும் கோபத்தோடுதான் வருவார்கள். அரை மணி நேரம் பேசுவார்கள். அதிலிருந்து ஒரு பக்கத்தை எடுத்துக் கொடுப்பதுதான் என் தொழில்.

அப்படிப்பட்ட எனக்கு என்னுடைய கோபத்தை ஒரு பக்கமாக எழுத நாலு வருஷம் ஆனது. அதை எப்படி எழுதினேன், எங்கே கொண்டுபோய்க் கொடுத்தேன், அப்புறம் எப்படி வாபஸ் வாங்கினேன் என்று சொல்கிறேன். உங்களுக்குள்ளும் ஏதாவது கனன்றுகொண்டிருந்தால் செய்து பாருங்கள்.

2014 ஆடியில் அம்மா கிணற்றடியில் விழுந்தாள். பக்கவாதம். வலது கையும் காலும் போய்விட்டன. ஏறக்குறைய மூன்று வருஷம் என் வீட்டில்தான் கிடந்தாள். தம்பி வீடு மூன்று தெரு தள்ளி. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வந்து வாசற்படியிலேயே நின்று, "எப்படிம்மா இருக்கே" என்று கேட்டுவிட்டுப் போவான். ஆஸ்பத்திரிச் செலவுக்காக அம்மா தன் மூன்றரைப் பவுன் சங்கிலியை இடது கையாலேயே தடவித் தடவிக் கழற்றப் பார்த்தாள். முடியவில்லை. நான்தான் கழற்றினேன். அடகு வைத்தேன். வட்டி கட்ட முடியாமல் ஏலத்தில் போய்விட்டது.

2017 தையில் அம்மா போய்ச் சேர்ந்தாள். 16-ம் நாள் காரியத்தன்று, பந்தியில் இலை போட்டுச் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருக்கும்போது, தம்பி சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: "அம்மா நகையை அக்கா சுருட்டிக்கிச்சு."

நாலே வார்த்தை. அன்றிலிருந்து அந்த அடகு ரசீது என் கைப்பையில் ஏறிவிட்டது. கல்யாணமோ சாவோ, எங்கே போனாலும், யாராவது சொந்தக்காரர் என்னைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் போதும், பையைத் திறந்து ரசீதை எடுத்து நீட்டிவிடுவேன். மடிப்பில் கிழிந்து, செல்லோ டேப் ஒட்டி, அதுவும் மஞ்சளாகிவிட்டது. ராத்திரி இரண்டு மணிக்குச் சரியாக முழிப்பு வரும். சாம்பார் வாளி தரையில் உட்காருகிற சத்தம் காதில் கேட்கும். அப்புறம் விடியும் வரை அவனோடு வாதம் பண்ணிக்கொண்டிருப்பேன்.

விளக்கு ஏற்றுவதை மட்டும் நிறுத்தவில்லை. ஆனால் ஏற்றும்போது வாயில் "அப்பனே, எல்லாரையும் நல்லா வை" என்று வரும், வயிற்றில் எரியும். அது பொய் என்று எனக்கே தெரியும். சாமிகிட்ட கோபத்தைச் சொல்வது பாவம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். சின்ன வயதிலிருந்தே "சாமி கண்ணைக் குத்திடும்" என்று கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாமெல்லாம்.

தேவாரம் பாடிய சுந்தரர் கதையை அப்போதுதான் புதிதாகப் பார்த்தேன். அவருக்கு உண்மையிலேயே கண் போனது. திருவொற்றியூரில், மனைவியாக வந்த சங்கிலியாருக்கு மகிழ மரத்தடியில், உன்னைப் பிரிய மாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்தார். அதை மீறி ஊர் எல்லையைத் தாண்டினார், இரண்டு கண்ணும் போனது. தப்பு அவருடையதுதான். ஆனாலும் அவர் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. ஊர் ஊராகச் சிவன் கோயில்களுக்குப் போய்க் கேட்டார். திருவெண்பாக்கத்தில், கோயிலுக்குள் இருக்கிறாயா என்று கேட்டதற்கு, "உளோம் போகீர்", இருக்கிறோம், போங்கள் என்று பதில் வந்தது, கூடவே ஒரு ஊன்றுகோல். காஞ்சிபுரத்தில் இடது கண் கிடைத்தது. திருவாரூருக்கு வந்து மிச்சக் கண்ணுக்காகப் பாடினார் பாருங்கள், அது தேவாரத்தில் ஏழாம் திருமுறையில் இருக்கிறது:

மூளாத் தீப்போல் உள்ளே கனன்று முகத்தால் மிகவாடி
ஆளாய் இருக்கும் அடியார் தங்கள் அல்லல் சொன்னக்கால்
வாளாங்கு இருப்பீர் திருவாரூரீர் வாழ்ந்து போதீரே.

உள்ளே புகைந்து புகைந்து முகம் வாடிப்போய் உன் ஆள் ஒருத்தன் வந்து கஷ்டத்தைச் சொன்னால், நீ சும்மா உட்கார்ந்திருக்கிறாய், சரி, நீயே நல்லா இரு போ. பாட்டுப் பாட்டாக "வாழ்ந்து போதீரே" என்றே முடிக்கிறார். எங்கள் அம்மாவும் யார் மேலாவது கோபம் வந்தால் "நல்லா இருடாப்பா" என்று கும்பிட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அதே குரல்தான். அந்தப் பாட்டுக்குத்தான் மிச்சக் கண் கிடைத்தது. கோயிலில் நாம் பாடுகிற பதிகமாகவும் அது இருக்கிறது. திட்டினதற்காக அவரை யாரும் ஒதுக்கவில்லை. அதற்கு முன்னாலேயே, தன்னை ஆட்கொள்ள வந்த சிவனிடம் வன்மையாக வாதாடினதற்கு, சிவனே அவருக்கு "வன்தொண்டர்" என்று பேர் வைத்திருந்தார்.

எங்கள் பக்கத்தில், கடலூர் மாவட்டம் விருத்தாசலத்தை ஒட்டி, மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயில் இருக்கிறது. முருகன்தான், ஆனால் வேலும் மயிலுமாக நிற்கிற உருவம் கிடையாது, பலிபீடம் போன்ற சுயம்பு. அந்தக் கோயில் தலபுராணத்திலும் சுந்தரர் வருகிறார். விருத்தாசலத்துச் சிவனைப் பாடாமல் அவர் தாண்டிப் போக, முருகன் வேடன் உருவத்தில் வந்து அவருடைய பொருளைப் பறித்துத் திரும்ப வரவைத்தான் என்பார்கள். இங்கே பிராது கட்டுவது என்று ஒரு வழக்கம் உண்டு. உங்கள் குறையைக் கோர்ட்டில் கொடுப்பதுபோல ஒரு தாளில் எழுத வேண்டும். அதைச் சன்னதியில் வைத்துப் பூஜை செய்து, விபூதியோடு சேர்த்துப் பொட்டலமாக மடித்துத் தருவார்கள். அதைக் கொண்டுபோய் முனியப்பருக்கு முன்னால் இருக்கிற வேலில் நூலால் கட்டிவிட்டு வர வேண்டும். மூன்று மாதத்துக்குள் தீர்ப்பு வரும் என்பது ஜனங்களின் நம்பிக்கை. கட்டணத்தில் உங்கள் ஊருக்கும் கோயிலுக்கும் உள்ள தூரத்துக்கு ஒரு சின்னத் தொகையும் சேரும். வேண்டியது நடந்த பிறகு திரும்ப வந்து பிராதை வாபஸ் வாங்க வேண்டும். அதற்குப் பேர் ராஜினாமா.

எத்தனையோ ஆபீசுக்கு மனு எழுதியவள் நான். கொடுத்த மனுவை வாபஸ் வாங்கவும் ஒரு முறை வைத்திருக்கிற இடம் இது. என்னை இழுத்தது அதுதான். கோபத்தைக் கொடுப்பது ஒரு காரியம், விடுவது இன்னொரு காரியம். இரண்டையும் ஒரே நாளில் செய்யப் பார்த்துத்தான் நாலு வருஷம் தோற்றுப்போயிருக்கிறேன்.

சரி, எழுதுவதற்கு வருவோம்.

எழுதுவதற்கு முன்னால் கத்திவிடுங்கள். பேனாவை எடுக்கும்போது தொண்டை அடைத்துக்கொண்டிருந்தால் எழுத்து வராது, சாபம்தான் வரும். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் விழுகிற சத்தத்துக்குள் நான் கத்தினேன். வாளி நிறைந்து வழிந்து ஓடியது. "மூணு வருஷம் பீ மூத்திரம் அள்ளினேனே, நீ பார்த்துக்கிட்டுத்தானே இருந்தே? அதுக்குக் கூலி இந்த நாலு வார்த்தையா?" என்று கேட்டேன். மோட்டார் ஓடும்போது கிணற்றடியில் கத்தலாம். தலையணையில் முகத்தை அழுத்திக்கொண்டும் கத்தலாம். வீட்டில் குழந்தைகள் காதில் மட்டும் விழ வேண்டாம்.

கத்தும்போது சாமியை "நீ" என்றே கூப்பிடுங்கள். நமக்கு அது புதிதில்லை, "முருகா, நீதாண்டா பார்த்துக்கணும்" என்று சொல்கிற ஜனம் நாம். மரியாதை கூடக் கூட உண்மை குறைந்துகொண்டே போவதை நான் மனு எழுதுகிற பெஞ்சில் பார்த்திருக்கிறேன். "ஐயா சமூகம் அவர்கள்" என்று ஆரம்பித்தவர் பாதி விஷயத்தை மறைத்துவிடுவார். பக்கத்து மேஜையில் முத்திரைத்தாள் விற்கிற அண்ணன் சர்ச்சுக்குப் போகிறவர். அவரிடம் இதைப் பற்றிப் பேசியபோது 13-ம் சங்கீதத்தை எடுத்துக் காட்டினார். தாவீது, "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்றுதான் ஆரம்பிக்கிறார். அங்கேயும் இதே கதைதான். வேறு சாமியைக் கும்பிடுகிறவர்களும் இந்த முறையைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். கோயிலுக்குப் போக முடியாதவர்கள் வீட்டு விளக்கு முன்னாலேயே செய்யலாம்.

அடுத்து எதிர்மனுதாரர் யார் யார் என்று எழுதுங்கள். இங்கேதான் நான் முதலில் சறுக்கினேன். தம்பி பேரை மட்டும் எழுதினேன். நாலு பக்கம் ஓடியது, ஆனால் படித்தால் ஏதோ குறைகிறது. மறுநாள் விளக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது பிடிபட்டது. கோபத்தில் பாதி சாமி மேல். அம்மாவை மூன்று வருஷம் கிடக்க வைத்தது தம்பி இல்லையே. இன்னும் கொஞ்ச நேரம் போனதும் மூன்றாவது ஆளும் வந்தாள். வட்டியைக் கட்டிச் சங்கிலியை மீட்டிருக்கலாம், அந்த வருஷம் மகன் காலேஜ் பீஸ்தான் முக்கியம் என்று விட்டவள் நான். ஆக எதிர்மனுதாரர் 1 தம்பி, 2 நீ, 3 நான். இரண்டாவது ஆள்தான் நீதிபதியும் என்பது இந்தக் கோர்ட்டின் விசேஷம். சாமி பேரை எழுதக் கை நடுங்கினால் நடுங்கட்டும். மூன்று பேரையும் எழுதின பிறகுதான் எனக்குப் பேச்சே நேராக வந்தது.

அப்புறம் நடந்ததை எழுத வேண்டும். மனு எழுதுகிறவர்களுக்குத் தெரிந்த ஒரு விஷயம் சொல்கிறேன். "அநியாயமாக", "அக்கிரமமாக", "ஈவு இரக்கமின்றி" என்று பத்து வார்த்தை போட்டால் படிக்கிற அதிகாரி அந்த வரிகளைத் தாண்டிப் போய்விடுவார். எந்தத் தேதி, எந்த இடம், யார், என்ன சொன்னார், அது இருந்தால் போதும். சாமிக்கும் அப்படியே எழுதுங்கள். அவருக்குத் தெரியாது என்பதற்காக இல்லை, உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. நாலு வருஷமாக அவன் என்னைத் "திருடி" என்று சொன்னதாகத்தான் நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். எழுதும்போது அவன் சொன்ன வாக்கியத்தை அப்படியே போட வேண்டியிருந்தது. "சுருட்டிக்கிச்சு." திருடி என்ற வார்த்தை அதில் இல்லை. அதைச் சேர்த்தது நான், அல்லது அந்த இரண்டு மணி ராத்திரிகள். அவன் சொன்னது அதனால் சின்னதாகிவிடவில்லை. ஆனால் அது எவ்வளவு பெரிது என்று முதல்தடவையாக அளவு தெரிந்தது.

இணைப்பு எதுவும் வேண்டாம். நான் பழக்க தோஷத்தில் அடகு ரசீதுக்கு ஜெராக்ஸ் எடுத்து, "இணைப்பு: 1" என்று போட்டுப் பின் அடித்துவிட்டேன். அப்புறம் அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். சங்கிலியைக் கழற்றும்போது அந்த அறையில் அம்மாவும் நானும் மட்டும்தான் இருந்தோம். கொளஞ்சியப்பனுக்கு எதற்கு நகல்? பின்னைப் பிடுங்கினேன். நிரூபிக்க வேண்டியதே இல்லாத ஒரு இடம் இருக்கிறது என்பது அந்த நிமிஷம்தான் உடம்பில் இறங்கியது. தோள் இரண்டும் தானாகக் கீழே வந்தன.

நம் தப்பை எழுத வேண்டுமா என்று கேட்பீர்கள். உடனே வந்தால் எழுதுங்கள், வராவிட்டால் தொந்தரவு பண்ணிக்கொள்ள வேண்டாம். சுந்தரர் அதே பாட்டில் "குற்றம் ஒன்றும் செய்ததில்லை" என்கிறார். சத்தியத்தை மீறியவர் அவர். கோபத்தில் இருக்கிறவனுக்கு அப்போது அப்படித்தான் தோன்றும். அந்தக் கணக்கைப் பார்த்துக் கண்ணைத் தராமல் விடவில்லை அங்கே. அதே வரிகளில் இன்னொன்றும் இருக்கிறது, என் தொழில்காரர்கள் எல்லாம் கவனிக்க வேண்டியது: "விற்றுக் கொள்வீர் ஒற்றியல்லேன் விரும்பி ஆட்பட்டேன்." நான் அடமானம் வந்தவன் இல்லை, விரும்பி வந்த ஆள், வேண்டுமானால் விற்றுக்கொள் என்கிறார். விலகிப் போகிறவன் பேச்சா இது? சட்டையைப் பிடித்துச் சண்டை போட வேண்டுமானால் பக்கத்தில் வந்துதானே ஆக வேண்டும்.

இனிதான் கஷ்டமான இடம். எந்த மனுவுக்கும் கடைசிப் பத்தியில் என்ன கேட்கிறோம் என்று இருக்க வேண்டும். "தகுந்த நடவடிக்கை எடுக்குமாறு" என்று எழுதினால் ஒன்றும் நடக்காது. இன்ன சர்வே நம்பருக்கு இன்னது செய்து தர வேண்டும் என்று எழுத வேண்டும். சுந்தரரும் அப்படித்தான், "மற்றைக் கண்தான்" என்று எந்தக் கண் என்பதைச் சொல்லிக் கேட்கிறார்.

நான் பேனாவை எடுத்து முதலில் எழுதியது இது: "அவனுக்குக் கையும் காலும் விளங்காமல் போக வேண்டும்."

எழுதி முடித்துப் புள்ளி வைத்தேன். அம்மாவின் வலது கை கண்ணுக்கு முன்னால் வந்தது. விரல் நாலும் உள்ளே மடங்கி, நகம் உள்ளங்கையில் குத்தும். குத்தாமல் இருக்க, பழைய பருத்திப் புடவைக் கிழிசலை உருட்டி உள்ளே வைப்பேன். தினமும் அதை எடுத்து, வேர்வையைத் துடைத்து, புதுத் துணி வைப்பேன். மூன்று வருஷம். அந்தக் கையையா அவனுக்குக் கேட்கிறேன்? அப்படி ஆனால் யார் துணி உருட்டி வைப்பது?

அந்த வரியை அடித்தேன். அடித்தேனே தவிர, எழுதியதற்காக வெட்கப்படவில்லை. உங்களுக்கும் அப்படி ஒரு வரி வரும். வரட்டும், எழுதிவிடுங்கள். உள்ளேயே இருந்தால் அது கெட்டிப்படும். ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில் பெண்கள் மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசுகிறார்கள். காசு வெட்டிப் போடுகிற கோயில்கள் இருக்கின்றன. அங்கே போகிறவர்களை நான் ஒருநாளும் தப்பாகப் பேச மாட்டேன். எந்த ஆபீசிலும் காது கிடைக்காதவர்கள் அவர்கள். என்னால் அது முடியவில்லை, அவ்வளவுதான்.

இரண்டு நாள் அந்தப் பத்தி காலியாகவே இருந்தது. வாளித் தண்ணீரில் கத்தும்போது எனக்கு எல்லாம் வேண்டியிருந்தது, எழுத உட்கார்ந்தால் என்ன வேண்டும் என்றே தெரியவில்லை. இரண்டு நாள் இல்லை, இரண்டு வாரம் ஆனாலும் காத்திருங்கள். கடைசியில் எனக்கு வந்தது மூன்று:

1. அம்மாவை மூன்று வருஷம் ஏன் அப்படிப் போட்டு வைத்தாய் என்று எனக்குத் தெரிய வேண்டும்.
2. தம்பி சொன்னது பொய் என்பது அவன் வாயாலேயே வர வேண்டும்.
3. ராத்திரி நான் தூங்க வேண்டும்.

நாலு பக்கம் ஒரு பக்கமானது. அதைக் கையால்தான் எழுதினேன். நீங்களும் கையாலேயே எழுதுங்கள். கம்ப்யூட்டரில் அடித்தால் வரியை அழித்து அழகுபடுத்தத் தோன்றும், அடித்த அடி தெரியாமல் போய்விடும்.

இன்னொன்று, நகல் வைக்காதீர்கள். எந்த மனுவுக்கும் ஆபீஸ் காப்பி வைத்துக்கொள்ளுங்கள், தேதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள் என்று 22 வருஷமாகச் சொல்லிவருகிறவள் சொல்கிறேன், இதற்கு மட்டும் வேண்டாம். போனில் போட்டோவும் எடுக்காதீர்கள். நகல் இருந்தால் ராத்திரி எடுத்துப் படிப்பீர்கள். வேறு யாருக்கும் படித்துக் காட்டவும் வேண்டாம். அவர்கள் "ஆமாம், அவன் அப்படித்தான்" என்று இன்னும் இரண்டு கதை சேர்த்துக் கொடுப்பார்கள்.

2021 ஆவணியில் ஒரு வியாழக்கிழமை மணவாளநல்லூருக்குப் போனேன். எனக்கு முன்னால் ஒரு பெரியவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, மாடு காணாமல் போன பிராதோ என்னவோ, முணுமுணுவென்று சொல்லிக்கொண்டே நின்றார். சன்னதியில் வைத்து எடுத்துக் கொடுத்த பொட்டலத்தில் விபூதி வாசனை. முனியப்பருக்கு எதிரே வேலில் எத்தனையோ பொட்டலம், ஒன்றன்மேல் ஒன்றாக, நூல் தெரியாத அளவுக்கு. இடம் தேடிக் கட்ட வேண்டியிருந்தது. முடிச்சுப் போடும்போது பக்கத்துப் பொட்டலங்கள் விரலில் உரசின. அவ்வளவு கோபமும் வருத்தமும் ஒரே இரும்பில் தொங்குகிறது. கட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தேன்.

வீட்டில் செய்கிறவர்கள் தாளை மடித்து, விபூதித் தட்டுக்கு அடியிலோ சாமி படத்துக்குப் பின்னாலோ வைத்துவிடுங்கள். தேதியை மட்டும் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

கொடுத்த மறுநாளே லேசாகிவிடும் என்று நினைக்காதீர்கள். எனக்கு அன்று ராத்திரியும் இரண்டு மணிக்கு முழிப்பு வந்தது. வாளிச் சத்தமும் கேட்டது. ஒரே ஒரு வித்தியாசம்தான். வாதத்தை ஆரம்பிக்கப் போனபோது, "பிராது கொடுத்தாச்சு" என்று வாய்விட்டுச் சொன்னேன். கோர்ட்டில் இருக்கிற கேஸைப் பற்றி வெளியே பேசக் கூடாது என்பார்களே, அதுபோல. மறுபடி ஆரம்பித்தது, மறுபடி சொன்னேன். முதல் வாரம் ஒரு ராத்திரிக்கு முப்பது நாற்பது தடவைகூடச் சொல்லியிருப்பேன். அத்தை ஒருத்தி போன் பண்ணி, "உன் தம்பி இப்ப என்ன சொல்றான் தெரியுமா" என்று ஆரம்பித்தபோது, "அத்தை, அது கொளஞ்சியப்பர்கிட்ட இருக்கு, நாம பேச வேண்டாம்" என்றேன். அத்தை சட்டென்று அடங்கிவிட்டாள். எங்கள் பக்கத்தில் அந்த வார்த்தைக்கு ஒரு கனம் உண்டு. உங்கள் வீட்டில் எந்த வார்த்தைக்கு அந்தக் கனம் இருக்கிறதோ, அதை முன்கூட்டியே தயார் பண்ணி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த நாட்களில் விளக்கு முன்னால் நீளமாகப் பேச வேண்டாம். நான் ஒரு கேள்விதான் கேட்பேன்: "என் மனு என்ன ஆச்சு?" சில நாள் அதட்டிக் கேட்பேன். சில நாள் கேட்காமலே எண்ணெய் மட்டும் ஊற்றிவிட்டு எழுந்துவிடுவேன். சுந்தரருக்கே முதலில் கோல்தான் கிடைத்தது, கண் அப்புறம்தான். எனக்குக் கிடைத்த கோல் என்று பார்த்தால், ரசீதை எடுத்து நீட்டுகிற கை கொஞ்சம் தாமதித்தது. ஒரு வளைகாப்பில் பெரியம்மா என்னை அப்படி உற்றுப் பார்த்தபோது, பை ஜிப்பில் கை வைத்தேன், திறக்கவில்லை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அடி விழுந்துகொண்டிருக்கிற வீட்டில் இருக்கிறவர்களுக்கு இந்த முறை போதாது. புருஷன் அடிக்கிறான், யாரோ மிரட்டுகிறார்கள், பிள்ளையிடம் தப்பாக நடக்கிறார்கள் என்றால் 181-க்குப் போன் போடுங்கள், போலீஸ் ஸ்டேஷனுக்குப் போங்கள். அந்தக் கோபம் உங்களைக் காப்பாற்ற வந்த கோபம், அதைப் பொட்டலம் கட்டாதீர்கள். சொத்து, பணம் என்றால் வக்கீலையும் பாருங்கள். சாமிக்கு எழுதுவதும் கோர்ட்டுக்கு எழுதுவதும் ஒன்றையொன்று தடுக்காது. இரண்டும் எழுதிக் கொடுத்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

கார்த்திகை கடைசியில் ஒருநாள் பால்காரர் மணிச் சத்தம் கேட்டுக் கண் விழித்தேன். மணி நாலரை. கொஞ்ச நேரம் அப்படியே படுத்திருந்தேன். இரண்டு மணிக்கு எழுந்தேனா என்று யோசித்தேன். இல்லை. நேற்றும் இல்லை. அதற்கு முந்தின நாள்? ஞாபகம் வரவில்லை. எப்போதிலிருந்து தூங்க ஆரம்பித்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

மூன்றாவது கோரிக்கை நடந்துவிட்டது. முதல் இரண்டும் நிலுவை. அம்மா ஏன் கிடந்தாள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. தம்பி வாயிலிருந்தும் எதுவும் வரவில்லை. இப்படி இருந்தால் ராஜினாமா கொடுக்கலாமா? முழுசாக ஜெயித்த பிறகு வாபஸ் வாங்குவதுதான் வழக்கம். ஒரு மாதம் யோசித்தேன். என் பெஞ்சில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். நிலம் அளந்து கல் போட்டாயிற்று, பட்டாவும் வந்தாயிற்று, ஆனாலும் எதிர்க்கட்சிக்காரன் மன்னிப்புக் கேட்கவில்லை என்று மறுபடி மறுபடி மனு எழுத வருவார்கள். வீட்டில் சோறு தண்ணி இல்லாமல் பஸ் ஏறி வருவார்கள். அவர்களுக்கு எழுதிக் கொடுக்கும்போதெல்லாம் மனசு கஷ்டப்படும். நானும் அந்த வரிசையில் நிற்கிறேன் என்று தோன்றிய அன்று முடிவு பண்ணினேன்.

தையில், அம்மா திதி முடிந்த மறுவாரம் போனேன். ராஜினாமாவுக்குக் கட்ட வேண்டியதைக் கட்டினேன். சன்னதியில் நின்று வாய்விட்டே சொன்னேன்: "தூக்கம் வந்துடுச்சு. மத்த ரெண்டும் நீ வெச்சுக்கோ. அவன் நாக்கு அவன்கிட்ட இருக்கு, அம்மா கணக்கு உன்கிட்ட இருக்கு. நான் இனிமே கேட்டு வர மாட்டேன்." சொல்லும்போது அழுகை வந்தது. அம்மாவுக்காக நான் அழுத முதல் அழுகை அதுதான் என்று நினைக்கிறேன். செத்தபோதும் 16-க்கும் கோபமே எல்லா இடத்தையும் அடைத்துக்கொண்டிருந்ததே.

நீங்கள் விடும்போதும் இப்படிப் பேர் சொல்லி விடுங்கள். "எல்லாத்தையும் விட்டுட்டேன்" என்று மொத்தமாகச் சொன்னால் எதை விட்டோம் என்று மனசுக்குத் தெரியாது, மறுநாளே தேடும். இது கிடைத்தது, இது கிடைக்கவில்லை, கிடைக்காததை உன்னிடம் வைக்கிறேன். இந்த மூன்றையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். வீட்டில் செய்தவர்கள் அந்தத் தாளை எடுத்துத் திறக்காமல் விளக்கில் கொளுத்தலாம், ஓடுகிற தண்ணீரில் விடலாம். கோபம் திரும்பவும் ஒருநாள் எட்டிப் பார்க்கும். புதிதாக ஏதாவது நடந்திருந்தால் புதுப் பிராது எழுதுங்கள். பழைய விஷயம்தான் என்றால், "அது ராஜினாமா ஆயிடுச்சு" என்று சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள்.

அன்று வீட்டுக்கு வந்து அடகு ரசீதை எடுத்தேன். கிழிக்க மனசு வரவில்லை. அம்மாவின் இறப்புச் சான்றிதழ் இருக்கிற பைலில், அதற்குப் பின்னால் வைத்துப் பீரோவில் மேல் தட்டில் போட்டுவிட்டேன்.

போன ஐப்பசியில் தம்பி என் மேஜைக்கு வந்தான். மகளுக்கு சாதிச் சான்றிதழில் பேர் திருத்தம், ஒரு மனு வேண்டும் என்றான். தலை நன்றாக நரைத்திருந்தது. பெஞ்சில் உட்காரச் சொன்னேன். பேர், தேதி, என்ன பிழை என்று கேட்டு எழுதிக் கொடுத்தேன். படித்துப் பார்த்து, "சரியா இருக்குக்கா" என்றான். அந்த நாலு வார்த்தையைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. "எவ்ளோக்கா?" என்று கேட்டு நூறு ரூபாயை நீட்டினான். எல்லாரிடமும் வாங்குவதை எடுத்துக்கொண்டு, மீதிச் சில்லறைக்காகக் கைப்பையைத் திறந்தேன். ரசீது இருந்த அறையில் இப்போது மூக்குக் கண்ணாடி வைத்திருக்கிறேன்.